ஏப்பம் விடக்கூடாத சோடாக்கடை

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்று இரண்டு வாரம் சோம்பிக் கிடந்தேன். எட்டாவதிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்குப் பேனா பிடிப்பது சுலபமா? ஆனால் நான் விட்டால் சோடா அண்ணாத்தேயைப் பற்றி வேறு யார் எழுதப்போகிறார்கள்? ஆவடியிலிருந்து பட்டணம் வரைக்கும், சத்தமே வராமல் கோலி சோடா விற்ற ஒரே மனிதர் அவர்தான்.

காரணம், மீன். கொரட்டூரில் எங்கள் தெருமுனையில் அவர் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில், உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போல ஒரு கண்ணாடி ஜாடி. அதில் ஏரியில் பிடித்த ஒரு ஜோடி செல்லக்காசு. மஞ்சள் உடம்பு, விலாவில் கறுப்புப் பொட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் மீன். ஓட்டாஞ்சில்லில் முட்டையிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறிச் செட்டையால் விசிறிக் காவல் காக்கும். திடுக்கிட்டால் மட்டும் போச்சு, தங்கள் முட்டையைத் தாங்களே தின்றுவிடும். 'டப்'பென்று ஒரு சோடா திறந்தால் ஒரு வம்சமே காலி!

அதனால் முட்டையிட்ட நாட்களில் அண்ணாத்தே புட்டியை ஈரக் கோணிக்குள் நுழைத்து, பிரசவம் பார்ப்பதுபோலக் கோலியை அமுக்குவார். குடித்தவர் ஏப்பம் விட எதிர்ச்சாரிக்குப் போக வேண்டும்.

"ஏப்பம் வுடாம சோடா இன்னாத்துக்குய்யா?" என்று கத்தினார் ஒரு வண்டிக்காரர்.

"மெதுவா பேசு நைனா, புள்ள பெத்த ஊடு!"

நான் சும்மா இருப்பேனா? ஒருநாள் ஜாடிக்குப் பின்னால் போய் நின்று ஒரு தும்மல் போட்டேன். வராத தும்மல். ஐந்தாவது தடவையாக முட்டை காலி. அண்ணாத்தே அடிக்கவில்லை. "நல்லா இருப்பேடா நீ" என்று மட்டும் சொன்னார். அடித்திருக்கலாம்.

அப்புறம், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பேச்சு வந்தது. தெருவே மூட்டை கட்டி, திருநின்றவூருக்கும் அதற்கப்பாலும் மாட்டு வண்டியில் கிளம்பியது. எனக்கோ டைபாய்டு ஜுரம். "அசைச்சா பொழைக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு வைத்தியரும் வண்டியேறினார். தெருவில் மிச்சம், நானும் அம்மாவும். கூடவே சோடா அண்ணாத்தே.

"இன்னாய்யா, நீ ஏறல?" வண்டியிலிருந்து அவர் பெண்டாட்டி அழுதது எங்கள் வீட்டுக்குள் கேட்டது.

"முட்ட வெச்சிக்கீது. எப்பிடி வுட்டுட்டு வர்றது?"

"மீனுக்கோசரம் சாவப்போறியா?"

போகிற வண்டியெல்லாம் அவரைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு போனது.

ஊரே காலியான அந்த நாட்களில், மருந்துக்குப் பெரம்பூர் வரை நடந்தவர் அவர். என் அம்மாவைத் தூங்கச் சொல்லிவிட்டு, என் நெற்றியில் ஈரத்துணி மாற்றியவர் அவர். தினமும் மீன் சேதி வேறு.

"இன்னிக்குக் கண்ணு தெரியுது."

"வாலு ஆடுதுடா!"

"ஆத்தா பின்னாலியே கூட்டமா மேயுதுங்க. சீக்கிரம் எய்ந்து வா, காட்டறேன். ஆனா தும்முனே, தொலச்சிடுவேன்."

அந்தக் குஞ்சுகளைப் பார்க்காமல் சாவதில்லை என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. ஜுரம் இறங்கிய மூன்றாம் நாள், சுவரைப் பிடித்துக்கொண்டே கடைக்குப் போனேன். ஜாடியில் இரண்டு பெரிய மீன். வேறொன்றும் இல்லை.

"குஞ்சுங்க எங்க அண்ணாத்தே?"

"குஞ்சு ஏது? முட்டைய அன்னிக்கு வண்டிங்க போன சத்தத்துலியே துன்னுட்சிங்க."

"அப்பறம் ஏன் நீ ஊருக்குப் போவல?"

"சோடா பாத்துக்க ஆள் வாணாமா?" என்றார். தெருவில் சோடா குடிக்க நான் ஒருவன்தான் இருந்தேன். ஒரு புட்டியைக் கோணியில்லாமல் 'டப்'பென்று திறந்து என் கையில் கொடுத்தார்.

இதுவரை எழுதியதை நேற்று என் கூட்டாளி கன்னியப்பனுக்குப் படித்துக் காட்டினேன். "எனக்கோசரம்தான் அவரு இருந்தார்னு எழுதறப்போதான்டா புரியுது" என்றேன்.

"ஊருக்கே தெரியும் மச்சான், நீ ஒருத்தன்தான் பாக்கி."