புது ஹால்வரைக் கலைக்க வேண்டாம்

ஹால்வர், வடக்கு டகோட்டா
ஏப்ரல் 27

ஊர் கட்டும் விளையாட்டைச் செய்கிற கம்பெனியிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்ட டாம்சின் என்ற பெண்ணுக்கு, ஆர்டிஸ் டோலெஃப்சன் வணக்கம் சொல்லி எழுதுவது.

நீயும் உன் வீட்டாரும் உன் ஆபீசில் இருக்கிறவர்களும் சுகமாக இருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்தால் சின்னப் பெண்ணாகத் தெரிகிறது, அதனால் நீ என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே. கம்ப்யூட்டரிலேயே பதில் போட்டேன், இந்த முகவரிக்குப் பதில் எழுதக் கூடாது என்று திரும்பி வந்துவிட்டது. கேள்வி கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வது எந்த ஊர் வழக்கமோ. அதனால் தபாலில் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே பனி உருகிவிட்டது, ரோடெல்லாம் சேறு, முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் குறை இருக்கிறது. என் வீட்டுக்காரர் வெர்லின் மார்ச் எட்டாம் தேதி தவறிவிட்டார். பனி வாரும் வண்டியை முப்பத்தொரு வருஷம் ஓட்டினவர், சோபாவில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினார், இன்னொன்றைக் கழற்றவில்லை. உனக்கு இது தெரிய வழியில்லை. அதனால், "அன்பு வெர்லின், நாற்பது நாளாக உங்களைக் காணோம், உங்கள் மக்கள் உங்களைத் தேடுகிறார்கள்" என்று நீ எழுதியதற்கு நான் கோபப்படவில்லை. அரை மணி நேரம் அழுதேன், அவ்வளவுதான்.

அதில் நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். விளையாட்டில் ஊர் கட்டும் பகுதியை இன்னும் சுவாரசியமாக்க என்ன செய்யலாம் என்று ஒரு கேள்வி. அடியில் எறும்பு எழுத்தில் இன்னொன்று: மே முதல் தேதி புதுப் பதிப்பு வருகிறது, அதற்குப் பிறகு பழைய ஊர்களைத் திறக்க முடியாது. இந்த இரண்டாவதற்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம். அவர் கட்டிய ஊரை மட்டும் விட்டுவிடு, அதுதான் என் வேண்டுகோள்.

அந்த ஊருக்குப் புது ஹால்வர் என்று பேர் வைத்திருக்கிறார். ராஜாவும் வாளும் இருந்த காலத்து ஊர்தான், ஆனால் அறுபது பேருக்கும் எங்கள் ஊர் ஆட்களின் பேர். பாதிரியார் அங்கே தேனீ வளர்க்கிறார். வெர்லின் தன் சொந்த அக்கா பெர்னடினைப் பன்றி மேய்க்க விட்டிருக்கிறார். "செத்தும் என்னை வம்புக்கு இழுக்கிறான் பாரு" என்று அவள் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். வெர்லினும் இருக்கிறார், ரோடு போடுகிற வேலை. நானும் இருக்கிறேன், ரொட்டிக் கடைக்குப் பக்கத்து வீடு. எனக்கு மட்டும் ஒரு வேலையும் கொடுக்கவில்லை. இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவளுக்கு அந்த மனிதர் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மக்கள் தேடுகிறார்கள் என்று நீ எழுதிவிட்டாயே, போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? அவர் கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே போனேன். பக்கத்தில் நின்று திரையைப் பார்த்த பெர்னடின்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏண்டி, ஊர் வாசல்ல யாரோ கோடாலியோட நிக்கிறானுங்க."

"மரம் வெட்ட வந்தவங்களா இருக்கும். இந்த மழைல பாவம், சாப்பிட்டிருக்க மாட்டாங்க."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலியே."

"உன் மூஞ்சியப் பாத்தாகூடத்தான் நல்லவள்னு தெரியாது. கதவைத் திறப்போம்."

சண்டை போடு, கப்பம் கட்டு என்று இரண்டே பட்டன். ஒரு வாய் காப்பி கொடு என்று ஒன்று கிடையாது. கதவைத் திறந்து சர்ச் கூடத்தில் விருந்து வைத்தேன். தின்றுவிட்டு தானியம், விறகு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள், படுபாவிகள். உடனே மழைக்காலம் போய்ப் பனிக்காலம். விறகு இல்லை. எல்லாரையும் காட்டுக்கு அனுப்பினேன், வெர்லினையும்தான், பனி என்றால் அவருக்கு என்ன பயம் என்று. ஒரு சின்னக் கட்டத்தில் எழுத்து வந்தது: "வெர்லின் குளிரில் இறந்தார். மரவெட்டி இடம் காலி. ஆள் நியமிக்கவும்."

இப்போது உன் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், குறித்துக்கொள். அந்த ஆர்டிஸ் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. கொல்லன் அடித்துக்கொண்டே இருக்கிறான், மற்றவர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசல் வழியே போகிறார்கள், வருகிறார்கள். இங்கே ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள் என் சமையலறையில் பதினோரு ஹாட்டிஷ். கறியும் உருளைக்கிழங்கும் வெந்த பாத்திரம், அடியில் டேப் ஒட்டி அவரவர் பேர். சர்ச் தரைவிரிப்பின் நிறத்துக்காக ஆறு வருஷம் என்னோடு பேசாத லவோன், படியில் பாத்திரத்தை வைத்து மணியை அடித்துவிட்டு ஓடினாள். எழுபத்து நாலு வயசு, இடுப்பில் ஆபரேஷன், அவள் ஓடியதை நான் ஜன்னலில் பார்த்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

உன் விளையாட்டில் சுவை குறைவது இதனால்தான். கோபுரம் போதாமல் இல்லை, மதில் போதாமல் இல்லை. நாலு வீட்டைக் கட்டிவிட்டால் ஊர் ஆகாது. இருப்பவர்களுக்குள் சண்டை வை. சண்டை போட்டவளே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரட்டும். கதவைத் தட்ட ஒரு பட்டன் வை. நான் அதைத் தேடி எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேன், ஒரு மாட்டுக் கொட்டகை இடிந்ததுதான் மிச்சம்.

பெர்னடின்தான் வழி சொன்னாள். "அழாதடி. வாராவாரம் ஊரை அப்படியே பதிஞ்சு சேத்து வெச்சிருக்கான் பாரு, பழசைத் திற, எழுந்து வந்துடுவான்."

திறந்தேன். பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தார். மறு நொடியே விளையாட்டின் கடிகாரத்தை நிறுத்திவிட்டேன். ஒன்பது நாளாக அங்கேயே நிற்கிறார், ஒரு காலைத் தூக்கியபடி. காலையில் காப்பியோடு போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவேன். ஓடவிட்டால் பனிக்காலம் வரும். எனக்கு ஒரு பனிக்காலம் போதும். ஆகையால் புதுப் பதிப்பை ஊருக்கெல்லாம் அனுப்பு, இந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிடு. கடிகாரம் நின்றபடியே இருக்கட்டும்.

கையில் வேலையும், குளிருக்கு நல்ல கோட்டும், சாயங்காலம் வீட்டுக்கு வர ஒரு ஆளும் உனக்கு என்றைக்கும் இருக்கட்டும். உன் அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
ஆர்டிஸ் டோலெஃப்சன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பெர்னடின் வந்து கடிதத்தைப் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அவன் காலைப் பாருடி. நாலு வயசுலயே ஒரு இடத்துல நிக்கமாட்டான் அவன். எறக்கி வுடு" என்றாள். ஒரு மணி நேரம் அவளைத் திட்டினேன். பிறகு கடிகாரத்தை ஓடவிட்டேன். அவர் காலை இறக்கினார். பாலத்தைக் கடந்தார். காட்டுப் பக்கம் போகவில்லை, ரொட்டிக் கடையைத் தாண்டி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புகைபோக்கியில் புகை வந்தது. அதற்கு மேல் நாங்கள் பார்க்கவில்லை. மேலே நான் கேட்டதையெல்லாம் அடித்துவிட்டுப் படி, புதுசையே அனுப்பு. கம்ப்யூட்டர் முன்னால் ஒரே நாற்காலிதான் இருந்தது. சமையலறையிலிருந்து இன்னொன்று எடுத்துப் போட்டிருக்கிறோம்.