வேகம் வாங்கப் போன கதை

இந்த வீட்டில் என் பேச்சு எடுபடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டர். என் சட்டையின் நிறம், சாப்பாட்டு நேரம், போனில் யாரோடு எவ்வளவு நேரம் பேசலாம் என்பதெல்லாம் அம்மணியின் இலாகா. கம்ப்யூட்டரையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு கட்டிவிட்டேன்.

என் மனைவி ஓர் அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துத் தருகிறாள். இந்த முறை விலங்குகள் பற்றிய புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் படம். முயல் வரைக்கும் ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டர், யானையைக் கண்டதும் படுத்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் புத்தகம் வராவிட்டால் மீதி வேலையெல்லாம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அச்சகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"மெமரி பத்தலைங்க," என்றாள். "இப்ப இருக்கறதைப் போல ரெண்டு மடங்கு போட்டுட்டா போதும்."

"அங்கதான் தப்பு பண்றே. அளவா முக்கியம்? வேகம்தான். அதே அளவுல வேகமான மெமரி வாங்கணும்."

"மேஜையில இடமே இல்லாதப்ப கை வேகமா இருந்து என்னங்க பண்றது?"

"மேஜைக்கும் மெமரிக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு என்று எனக்கே தெரியும். வெட்கக்கேடு அதுதான். நான் அதில் ஒரு கார் பந்தய விளையாட்டு ஆடுகிறேன். தலை நரைத்த வயதில், கதவைச் சாத்திக்கொண்டு. வளைவுகளில் என் கார் திணறும். வேகமான மெமரி போட்டால் பறக்குமென்று எங்கேயோ படித்திருந்தேன். அவள் வேலை கையை விட்டுப் போகிற நிலைமையில் எனக்கு என் கார்தான் பெரிதாகத் தெரிந்தது. எழுதவே கூசுகிறது.

"சரிங்க. உங்க இலாகா, உங்க இஷ்டம்," என்றாள்.

கல்யாணமான நாளாய் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே கிடையாது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். நானோ சீட்டியடித்துக்கொண்டே சட்டை மாற்றப் போனேன்.

நாங்கள் வழக்கமாகப் போகும் கம்ப்யூட்டர் கடையில் கல்லாவில் இருந்தவரிடம் அழுத்தந்திருத்தமாகச் சொன்னேன். "அளவு பழையபடியே இருக்கட்டும். வேகம்தான் ஜாஸ்தி வேணும்."

அவர் உள்ளே போய், பெட்டிகூட இல்லாமல் இரண்டு மெமரி ஸ்டிக்குகளை மட்டும் எடுத்து வந்து நீட்டினார். ஒட்டியிருந்த சீட்டில் கடுகைவிடச் சின்ன எழுத்து.

"படிச்சுப் பாருங்க சார்."

எனக்குப் படிக்கிற கண்ணாடி உண்டு. வெளியிடத்தில் மட்டும் போட மாட்டேன். போட்டால் வயசு தெரிந்துவிடுமாம். கையை முடிந்த மட்டும் நீட்டி, கண்ணைச் சுருக்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். எழுத்தா கோடா என்றே தெரியவில்லை.

"நல்லாப் படிச்சுட்டீங்களா சார்?"

"இதைப் போய்ப் படிக்கணுமா? பார்த்தாலே தெரியுதே, வேகமானதுன்னு."

அவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. பாவம், கடைத் தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, சீட்டை மறுபடி பார்க்காமலே, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். யானையைக் கண்டும் கம்ப்யூட்டர் படுக்கவில்லை. அடுத்து வந்த திமிங்கலமே நொடியில் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை மதியமே புத்தகம் போய்ச் சேர்ந்தது. மீதிப் புத்தகங்களும் அவளுக்கே என்று பதிலும் வந்தது. என் காரும் பறந்தது. சத்தியமாகப் பறந்தது.

"பார்த்தியா? வேகம்னா என்னன்னு இப்பவாவது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க," என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

அதோடு வாயை மூடியிருக்கலாம். மாடி வீட்டுப் பல் டாக்டரைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரும் முக்கி முனகிக்கொண்டிருந்தது.

"அளவை நம்பி ஏமாறாதீங்க டாக்டர். என் சம்சாரம்கூட அப்படித்தான் சொன்னா. நான் கேட்கலை. நீங்களே பாருங்க." மெமரி விவரம் காட்டும் பக்கத்தைத் திறந்து ஒதுங்கி நின்றேன்.

டாக்டர் தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். ஏதோ சொத்தையைப் பார்த்த மாதிரி நிமிர்ந்தார்.

"சார், பழைய மெமரி என்ன வேகம்?"

சொன்னேன்.

"இதுவும் அதே வேகம்தான் போட்டிருக்கு. அளவுதான் ரெண்டு மடங்கா இருக்கு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என் கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். டாக்டர் சொன்னது வரிக்கு வரி நிஜம்.

"நீங்க சட்டை மாத்தற நேரத்துல கடைக்கு ஒரு போன் பண்ணிட்டேன்," என்றாள்.

"நான் கேட்டதைத்தானே அந்த ஆள் கொடுக்கணும்? இது ஏமாத்து வேலை இல்லையா?"

"ஏமாத்தக் கூடாதுன்னுதான் உங்க கையில கொடுத்துப் படிக்கச் சொல்லச் சொன்னேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. கண்ணாடி போட்டிருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க."

காது மடல் வரைக்கும் சுட்டது. நான் ஜெயித்திருந்தால் அவளுடைய வேலை போயிருக்கும். அவள் தோற்ற மாதிரி தலையைக் குனிந்து நின்றதை நினைக்க நினைக்க இன்னும் வெட்கமாக இருந்தது. அப்படியானால் அந்தக் கார் பறந்தது எப்படி? அதை அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினார். "எனக்கும் மெமரி வாங்கணுமே. சார் கொஞ்சம் கடைக்குக் கூட வந்தா நல்லா இருக்கும்."

"தாராளமா கூட்டிட்டுப் போங்க டாக்டர்," என்றாள் என் மனைவி. "கிளம்பறதுக்கு முன்னாடி மட்டும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கடைக்குப் போன் பண்ணிடறேன்."