பாதித் தண்ணீர் விதி

உலகத்தில் எத்தனையோ சமாதான ஒப்பந்தங்கள் உண்டு. எங்கள் வீட்டு ஒப்பந்தத்துக்கு முன்னால் அவையெல்லாம் உறை போடக் காணாது.

வருஷா வருஷம் மார்ச் மாதத்தில், வாசல் பனியை வாரி வாரி முதுகு ஒடிந்தபின், நானும் என் மனைவி ரோண்டாவும் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து மலையிறங்கி ஸ்காட்ஸ்டேல் போவோம். சனி, ஞாயிறு இரண்டே நாள். அவளுக்குப் பாலைவனத்தில் நடக்க வேண்டும். எனக்கு நகரத்தில் உட்கார வேண்டும். சாப்பாட்டு மேஜையில், கச்சேரியில், நீச்சல் குளத்தோரத்தில். உட்காருவது ஒரு கலை. நான் அதில் பிறவி மேதை.

ஆகவே ஒப்பந்தம்: சனிக்கிழமை பகல் அவளுடையது. சனி இரவும் ஞாயிறு முழுவதும் என்னுடையவை. பல வருஷமாக யாரும் மீறியதில்லை.

இந்த வருஷம் அதில் மண்ணைப் போட்டவன் பக்கத்து வீட்டு டுவேன். வியாழக்கிழமை பனி வாரும்போது வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

"கோர்டன், சனிக்கிழமை மத்தியானம் ஸ்காட்ஸ்டேல்ல நம்ம பேஸ்பால் டீம் மேட்ச். ரெண்டு சீட்டு வச்சிருக்கேன். வர்றியா?"

"மத்தியானமா? பகல் ரோண்டாவோடதுப்பா."

"நம்ம ஆளு பந்து வீசறாரு. இந்த வருஷத்தோட ஓய்வு. முன்வரிசை சீட்டு வேற."

எனக்கு மண்வெட்டி கையை விட்டு நழுவியது. இருபது வருஷமாக டிவியில் மட்டும் பார்த்த கை அது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. இனி அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

"ரோண்டாகிட்ட கேட்டுத்தான் பாரேன்," என்றான் டுவேன்.

"கேட்டா வேண்டாம்னுவா."

"கேட்டுப் பாத்தியா?"

"கேக்காமலே தெரியும்."

டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று இரவே திட்டமும் உதித்தது. பாலைவன நடையில் ரோண்டாவுக்கு ஒரு விதி உண்டு. கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்தால், எங்கே நின்றாலும் அங்கேயே திரும்பிவிட வேண்டும். சிகரத்துக்குப் பத்தடி இருந்தாலும் சரி. பாதித் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்தால்? சீக்கிரம் திரும்பலாம். சீக்கிரம் திரும்பினால், "மார்க்கெட் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று நழுவலாம். எவ்வளவு எளிமை!

வெள்ளிக்கிழமை மூட்டை கட்டும்போது ரோண்டா ஒரு சீப்பை உள்ளே போட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் தலை ஸ்கேட்டிங் மைதானம்.

"சீப்பு எதுக்கு? என் தலைல வாரறதுக்கு என்ன இருக்கு?"

"தலைக்கு இல்ல. தாவுகள்ளியோட முள்ளுருண்டை ஒட்டிக்கிச்சுன்னா சீப்பாலதான் நெம்பி எடுக்கணும்."

"நான் என்ன கள்ளிகூட மல்யுத்தமா பண்ணப் போறேன்? சரி, தண்ணிப் பைய நான் சுமக்கறேன்."

ரோண்டா நிமிர்ந்து பார்த்தாள். "நீயா?"

"உனக்கும் வயசாகுதுல்ல."

இந்தப் பேச்சை நான் தவிர்த்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை, மேகம் ஒரு துண்டு கூட இல்லாத வானம். ரோண்டா ஒவ்வொரு ஓணானுக்கும் நின்று நலம் விசாரித்துக்கொண்டு நடந்தாள். நான் கொஞ்ச தூரத்தில், "இதோ வந்துடறேன்," என்று சுண்டுவிரலைக் காட்டிவிட்டு ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கினேன். பையின் குழாயைத் திறந்தேன். தண்ணீர் ஜம்மென்று இறங்கியது.

திரும்பி வந்தால் ரோண்டா மூக்கைத் தூக்கி நின்றாள்.

"கோர்டன், மழை வாசனை வருது."

"மழையா? எங்க?"

"அதான் தெரியல."

இரண்டாவது வளைவில் மறுபடி சுண்டுவிரல், மறுபடி புதர், மறுபடி மழை வாசனை. அவள் கண்ணுக்குமேல் கையை வைத்து நாலு திசையும் பார்த்தாள். நான் பாறை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. நான் தேடித்தேடி ஒதுங்கியதெல்லாம் கிரியோசோட் புதர். இந்தப் பாலைவனத்தில் வளர்ந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், அதன் இலையில் ஈரம் பட்டால் ஊரெல்லாம் மழை மணக்கும். ஐம்பத்தாறு வயதுக் குழந்தைக்கு மட்டும் மறந்துவிட்டது.

பின்னால் சரளைக்கல் நொறுங்கும் சத்தம். "கோர்டன், உனக்கு மட்டும் எப்படி தனியா மழை பெய்யுது?"

பதறிப்போய் பின்னால் நகர்ந்தேன். அங்கே தாவுகள்ளி காத்திருந்தது. அது தாவியதா, நான் தாவினேனா என்று தெரியாது. ஒரு முழு உருண்டை, என் வாழ்க்கைக் கலைக்கு ஆதாரமான அந்த இடத்தில் அப்பிக்கொண்டது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். நான் கத்தினேன். ஒரு காடைக் கூட்டமே பறந்தது.

ரோண்டா நிதானமாகச் சீப்பை எடுத்தாள். வல்லவளுக்குச் சீப்பும் ஆயுதம்.

"குனி. அசையாத. தண்ணிய ஏன் கொட்டின?"

"கொட்டல, சிந்திடுச்சு."

சீப்பு பாதியில் நின்றது.

"கொட்டினேன்! கொட்டினேன்!"

உருண்டை போனது. முட்கள் மிச்சம். அவள் சிறு இடுக்கியை எடுத்தாள்.

"ஏன்?"

"சீக்கிரம் திரும்பலாம்னு."

"எதுக்கு?"

"உனக்குக் கால் வலிக்குமேன்னு... ஐயோ! டுவேன்! டிக்கெட்! மத்தியானம்! பேஸ்பால்!"

அப்போது ஒரு வயதான தம்பதி ஊன்றுகோலோடு கடந்துபோனார்கள். "அருமையான காட்சி!" என்றார் அந்தப் பெரியவர். பள்ளத்தாக்கைத்தான் சொன்னார் என்று நம்புகிறேன்.

கடைசியாக ரோண்டா கேட்டாள். "தண்ணி எவ்வளவு மிச்சம்?"

"பாதிக்குக் கீழ."

"அப்ப திரும்பலாம். விதின்னா விதி."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. காரின் பின்சீட்டில் குப்புறப் படுத்தபடி கேட்டேன். "எங்க போறோம்?"

"மைதானத்துக்குத்தான்."

நெஞ்சு நிறைந்தது. மனைவி என்றால் இவளல்லவா மனைவி! வாசலில் இறங்கி, சந்தோஷத்தில் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தைவிட எழுந்த வேகம் அதிகம். கண்ணுக்குத் தெரியாத பொடிமுள் இன்னும் குடியிருந்தது.

"பரவால்ல, நின்னே பாக்கறேன்."

"முன்வரிசைல நின்னா பின்னால இருக்கறவன் சும்மா விடுவானா?"

"புல்மேட்டு டிக்கெட் வாங்கி அங்க குப்புறப் படுத்துக்கறேன்."

"அந்த டிக்கெட்டெல்லாம் தீந்துடுச்சாம், அதோ போட்டிருக்கான்." கையை நீட்டினாள். "உன்னோடத குடு. வீணாப் போகக் கூடாது."

"உனக்கு எதுக்கு பேஸ்பால்?"

"ஸ்கூல்ல நான்தான் பந்து வீசினவ. இந்த ஆளு வீசறத நான் ஒரு மேட்ச் விடாம பாத்திருக்கேன், உன் சோபாவுக்குப் பின்னால துணி மடிச்சுக்கிட்டு."

"சொல்லவே இல்லியே!"

"நீ கேக்கவே இல்லியே. கேட்டிருந்தா இன்னிக்கு ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. இது கள்ளி குத்திய இடம் இல்லை. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டேன்.

விடுதி அறையில் குப்புறப் படுத்து டிவி பார்த்தேன். இருபது வருஷமாகப் பார்த்த அதே டிவி ஆட்டம். நடுவில் கூட்டத்தைக் காட்டினார்கள். முன்வரிசையில் ரோண்டா, ஒரு கையில் ஹாட்டாக், மறுகையில் கையெழுத்துப் போட்ட பந்து.

இரவு உணவுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து முன்பதிவு செய்த மேஜை. எனக்குப் பிடித்த சுட்ட மாட்டிறைச்சி, பக்கத்தில் கிடார்க் கச்சேரி. எல்லாவற்றையும் நின்றுகொண்டே அனுபவித்தேன். பரிமாறும் பையன் நாற்காலியை இழுத்து இழுத்துப் போட்டான்.

"சார் உக்காரலியா?"

"அவருக்கு உக்காரவே பிடிக்காதுப்பா," என்றாள் ரோண்டா, பந்தைத் துடைத்தபடி. "நடைன்னா உயிர்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு உன் நாள். என்ன பண்ணலாம்? குளத்தோரம் உக்காரணுமா? படத்துக்குப் போய் உக்காரணுமா?"

யோசித்தேன். உட்கார முடியாதவனுக்கு அந்த ஊரில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பொழுதுபோக்கு.

ஞாயிறு விடியலில் அதே பாதையில் நடந்தோம், சிகரம் வரைக்கும். தண்ணீர்ப் பை இந்த முறை ரோண்டாவின் தோளில் இருந்தது.