முழுங்கு கம்பவுண்டரும் இரண்டு டப்பாக்களும்

விழுப்புரத்தில் இரண்டு கால், நாலு கால் என்ற வித்தியாசம் பார்க்காமல் அத்தனை பேர் கழுத்தையும் பிடித்துப் பார்த்த ஒரே மனிதர் முழுங்கு கம்பவுண்டர்தான். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர் உத்தியோகம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எதிரே வருகிறவர் வணக்கம் சொல்லக் கையைக் கூப்புவதற்குள் இவருடைய இரண்டு விரல்கள் அவர் தொண்டைக்குப் போய்விடும். "முழுங்கு" என்பார். முழுங்கினால், உள்ளே ஏறி இறங்குவதைத் தடவிப் பார்த்து, "சரியா இருக்குது" என்பார். சௌக்கியம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் மெயிலுக்குக் கொடி காட்டிக்கொண்டே ஒருமுறை முழுங்கியிருக்கிறார். ஜட்கா குதிரைகள் இவரைக் கண்டதும் தாமாகவே தலையைத் தூக்கிக் கழுத்தைக் காட்டும்.

யுத்தத்துக்கு முந்தின சமாச்சாரம் இது. நான் அப்போது விழுப்புரம் ஸ்டேஷனில் டிக்கெட் குமாஸ்தா. மனைவி தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். தனியாக இருக்கப் பயந்துகொண்டு கம்பவுண்டர் வீட்டில் பாதியை வாடகைக்குப் பிடித்தேன். அங்கே எனக்கு முன்பே சில நூறு பேர் குடியிருந்தார்கள். ஜன்னலோரம் இரண்டு பானைகள். இரண்டிலும் தலைப்பிரட்டைகள்.

ஒரு பானைக்குச் சாப்பாடு காய்ந்த கீரைத் தூள். மற்றதற்கு அதே கீரையோடு, ஆட்டுத் தொண்டைச் சதையை உலர்த்தி இடித்த தூள் ஒரு சிட்டிகை. அந்தச் சதைக்காக வாரம் இரண்டு நாள் கறிக்கடையில் நிற்பார்.

"கம்பவுண்டரே, ஊர்ல எல்லாரும் ஈரல் கேக்கறாங்கோ. நீங்க ஒருத்தர்தான் குரல்வளைய கேக்கறீங்கோ" என்பார் கடைக்கார பாய்.

"ஈரல் யாருக்கு வேணும் பாய்? ஆட்டோட சூட்சுமமே இங்கதான் இருக்குது" என்று பாயின் கழுத்தையே தொட்டுக் காட்டுவார். கையில் கத்தியோடு நின்றிருந்த பாய் முழுங்குவார்.

மூன்று வாரத்தில் சதைத் தூள் தின்ற கூட்டத்துக்கு வால் சுருங்கிக் கால் முளைத்துவிட்டது. ஈ அளவுக்குத் தவளைகள். கீரைப் பானைக்காரர்கள் இன்னும் வாலை ஆட்டிக்கொண்டு நீந்தினார்கள்.

"பாத்தியா, வளர்றதுக்கு முன்னாடியே பெரிய மனுசனாயிட்டானுங்க. எல்லாம் தைராய்டு, அந்தத் தொண்டச் சதை பண்ற வேல" என்றார். எனக்குப் புரியவேண்டுமே என்று ரயில்வே பாஷையில் விளக்கினார். "இது உடம்புக்கு என்ஜின்பா. வேகம், சூடு எல்லாம் இதோட சாறுதான். மூளைக்கு அடியில ஒரு ஸ்டேஷன் மாஸ்டரு குந்திக்கினு இருக்காரு. சாறு கொறைஞ்சா 'ஜல்தி, ஜல்தி'ன்னு வெரட்டுவாரு. போதும்னா கம்முனு இருப்பாரு. அயோடின்தான் கரி. கரியே இல்லாத என்ஜின வெரட்டினா என்னாவும்? சாறு வராது, சதைதான் வீங்கும்."

அப்படி வீங்கினவைதான் பக்கத்துக் கிராமமான காணையில் அஞ்சலையின் ஆட்டுக்குட்டிகள். அஞ்சலை கூலி வேலைக்குப் போகிறவள். நாலு ஆடுகள்தான் அவளுடைய ஆஸ்தி. இரண்டு வருஷமாகக் குட்டிகள் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவு கட்டியோடு, மயிரில்லாமல் செத்துப் பிறந்தன. யாரோ செய்வினை என்றார்கள். கம்பவுண்டரோ, தீனியில் அயோடின் இல்லை என்றார். சினையாடுகளின் தண்ணீரில் சொட்டுக் கணக்காக மருந்து கலந்து கொடுக்க, வாரம் தவறாமல் காணைக்கு சைக்கிள் மிதித்தார். குட்டி போட இன்னும் ஒரு மாதம்.

மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. "கம்பவுண்டர் மருந்து கலந்தால் போதும், ஆராய்ச்சி வேண்டாம். இன்னொரு புகார் வந்தால் ஊர் மாற்றிவிடுவேன்" என்று எச்சரித்திருந்தார். அந்த இன்னொரு புகார் நான்தான்.

சாறு குறைந்தால் தூக்கம் வரும், உடம்பு பெருக்கும், குளிரும், முடி கொட்டும் என்று கம்பவுண்டர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் நாலும் எனக்கு வந்துவிட்டன. சீப்பில் மூன்று முடி. சித்திரை மாதத்தில் குளிர். அவர் முன்னால் போய்க் கழுத்தை நீட்டினேன். முழுங்கச் சொல்லிப் பார்த்தார்.

"உனுக்கு ஒரு எழவும் இல்ல. மத்தியானம் தட்டு நெறைய துன்னுட்டு மல்லாந்தா தூக்கம் வராம இன்னா வரும்?"

என்னைப் பயப்பட வைக்கக்கூடாது என்று மறைக்கிறார் என்றே நினைத்தேன். பிறக்கப்போகும் குழந்தை தகப்பன் முகம் பார்க்க வேண்டாமா? மறுநாள் அவர் காணைக்குப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்தேன். பழுப்புத் தூளோடு இரண்டு டப்பாக்கள், பெரிதும் சிறிதுமாக. உசத்தியான மருந்து பெரிய டப்பாவில்தான் இருக்கும் என்று என் ரயில்வே மூளை முடிவு கட்டியது. இரண்டு கரண்டி போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

குடித்த பிறகுதான் அவர் சொன்ன மறுபாதி நினைவுக்கு வந்தது. சாறு அதிகமானால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், கண் பிதுங்கும். கால் மணியில் மூன்றும் ஆஜர். கண்ணாடியில் பார்த்தால் கண் பிதுங்கித்தான் இருந்தது. அவ்வளவு முழித்தால் யாருக்குத்தான் பிதுங்காது? வால் இருந்தால் சுருங்கியிருக்கும். ஜட்கா பிடித்து, ஜட்கா போதவில்லை என்று இறங்கி, குதிரையை முந்திக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"என்ன சாப்பிட்டீர்?" என்றார் டாக்டர்.

"தொண்டைத் தூள். கம்பவுண்டர் வீட்டுல..."

"மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரா? அவர் கொடுத்தாரா?"

திருடினேன் என்று எப்படிச் சொல்வது? தலை மட்டும் ஆடியது. மேலும் கீழுமாக.

டாக்டர் எழுதிய கடிதம் மேலதிகாரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆள் வந்து இரண்டு டப்பாக்களையும் அரக்கு முத்திரை வைத்து எடுத்துப் போனான். விசாரணையில் மேலதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார்: "நீர் கொடுத்தீரா, இவர் திருடினாரா?"

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"நான்தான் குட்தேங்க. பாவம், நம்பி துன்னுட்டாரு" என்றார்.

வெளியே வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: "பிள்ள பொறக்கற நேரத்துல ரயில்வேக்காரன் திருடன்னு பேர் எடுத்தா பேஜாரு. எனுக்கு யாரு இருக்கா? தவளதான்."

தென்கோடியில் ஒரு ஊருக்கு மாற்றல். அவருக்கு நானே டிக்கெட் கிழித்தேன். வண்டி ஏறியவர் ஜன்னல் வழியாகச் சிரித்தார்.

"டப்பாவத் திருப்பிக் குட்தானுங்க. சதத் தூளு இருக்கற சின்ன டப்பா மூட்ன மூடி மூட்ன மாதிரியே இருக்குதுபா. நீ துன்னது கீரத் தூளு."

"ஐயோ அண்ணே! அப்ப அந்தப் படபடப்பு?"

"அது உன்னோட சொந்தச் சரக்கு" என்றார். ஊதல் ஊதியது. "இப்பவே போய் அதிகாரிகிட்ட சொல்லிடறேண்ணே!" என்று வண்டியோடு ஓடினேன். அவர் கையை நீட்டி என் கழுத்தைத் தொட்டார். "முழுங்கு" என்றார். முழுங்கினேன். "சரியா இருக்குது, போ."

அதிகாரியிடம் நான் போகவில்லை. முதலில் குழந்தை பிறக்கட்டும் என்றேன்; பிறந்தது. பெயர் வைக்கட்டும் என்றேன், வைத்தாயிற்று. பிறகு யுத்தம் வந்துவிட்டது. அதைப்போலச் சௌகரியமான சாக்கு உலகத்தில் கிடையாது. அதிகாரியும் பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விட்டார். உண்மையைச் சொல்ல ஒரு தபால் கார்டு போதும், நாலு வரி. பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கம்பவுண்டர் போன மறு மாதம், டிக்கெட் ஜன்னலில் ஒரு ஆட்டுக்குட்டியின் தலை தெரிந்தது. பின்னால் அஞ்சலை. காணையிலிருந்து தூக்கிக்கொண்டே நடந்து வந்திருந்தாள்.

"ஐயா, கம்பவுண்டரு ஊட்டுல பூட்டு தொங்குது. எங்க போய்ட்டாரு? நாலு ஆடும் குட்டி போட்டுச்சி. அத்தினியும் உசுரோட நிக்குது. மொத குட்டிய அவுருகிட்ட காட்டணும்னு தூக்கியாந்தேன்."

"மாற்றலாயிட்டாரும்மா."

"அடப்பாவமே! யாரு மாத்துனது?"

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். குட்டி மயிரும் மினுமினுப்புமாக இருந்தது. என்னை அறியாமல் என் இரண்டு விரல்கள் அதன் கழுத்துக்குப் போயின. கட்டி இல்லை. "முழுங்கு" என்றேன். விரலுக்கடியில் ஏதோ ஏறி இறங்கியது.

அஞ்சலை சிரித்துவிட்டாள். "நீங்களும் அவுர மாதிரியே ஆயிட்டீங்க!"

இல்லையம்மா என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். குட்டியின் கழுத்திலிருந்து விரலை எடுக்கத்தான் மனசு வரவில்லை.