ஹால் விளக்கின் கெட்ட பழக்கம்

"அப்ப நான் அந்த மேனேஜர் மூஞ்சிக்கு நேரா என்ன சொன்னேன் தெரியுமா?" என்று தலைவர் கேட்டதும் ஹால் விளக்கு அணைந்துபோனது.

தலைவர் என்றால் கட்சித் தலைவர் இல்லை, அந்த அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபின், அதட்டுவதற்கு ஆள் இல்லாத குறையைச் சங்கத்தில் தீர்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலும் அவரை எல்லாரும் தலைவர் என்றே சொன்னார்கள், அவர் காதில் விழாத தூரத்தில் வேறு தொனியில்.

"இந்த வீட்ல ஒரு மனுஷன் ஒரு வாக்கியத்தை முழுசா முடிக்க முடியலை" என்று எழுந்தார். டார்ச்சையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு சுவிட்ச் போர்டைக் குடையப் போனார். ஒரு திருகைக் கழற்றுவதற்குள் விளக்கு தானாக எரிந்தது. திரும்பிப் பார்த்தால் ஹாலில் ஈ காக்கை இல்லை. மனைவி சமையலறைக்கும், மகள் தன் அறைக்கும், வேலை மாற்றலாகி வந்து கொஞ்ச நாளாக அங்கேயே தங்கியிருந்த மச்சினன் பால்கனிக்கும் போய்விட்டார்கள்.

தலைவருக்கு ரத்தம் கொதித்தது. அது சாதாரண விளக்கு அல்ல. போனைத் தொட்டால் எரிந்து, தொட்டால் அணைகிற தானியங்கி விளக்கு. ஒவ்வொரு சுவிட்ச் போர்டுக்குள்ளும் ஒரு குட்டிக் கருவி. ஷோகேஸ் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. போனிலிருந்து வரும் கட்டளையை வாங்கிக் கருவிகளுக்கு அனுப்புவது அந்தப் பெட்டியின் வேலை. வீட்டில் அத்தனை பேரும் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்காமல் அவரே தேர்ந்தெடுத்து மாட்டியது. அதோடு விட்டாரா? மாடிப்படி, நடைபாதை, மீட்டிங் ஹால் எல்லாவற்றுக்கும் இதையே போட வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் வேறு கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு.

மறுநாள் டெக்னீஷியன் வந்தான். போர்டைத் திறந்து, நியூட்ரல் ஒயர் கொஞ்சம் லூஸாக இருக்கிறது என்று முறுக்கிவிட்டு, இனிமேல் பிரச்சினை வராது என்றான். ஒயரை லூஸாக விடுகிற தலைமுறையைப் பற்றித் தலைவர் அவனுக்கு நின்றபடியே ஒரு பிரசங்கம் செய்தார். அன்று மாலை, டெக்னீஷியனை எப்படி வாங்கு வாங்கென்று வாங்கினேன் என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு வழக்கம்போல் மேனேஜர் பக்கம் சரிந்தது. விளக்கு அணைந்தது.

"ஒயர் இல்லைன்னா சிக்னல்தான்" என்று தீர்மானித்தார். ஷோகேஸில் இருந்த பித்தளைச் சாமான்களெல்லாம் சிக்னலைத் தடுக்கின்றனவாம். பெட்டியைத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார், பரண் மேல் வைத்தார், கடைசியில் செருப்பு ஸ்டாண்டில் வைத்தார். விளக்கு எதற்கும் மசியவில்லை. தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்தால் மணிக்கணக்காக எரிகிறது. நாலு பேரை உட்காரவைத்து நல்ல விஷயம் சொல்ல ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்கிறது. ஒரு மின்சாதனத்துக்கு இவ்வளவு திமிரா என்று அவருக்கு வயிறு எரிந்தது.

பொறுக்கமாட்டாமல் சனிக்கிழமை காலை மெயினை அணைத்துவிட்டு அவரே களத்தில் இறங்கினார். ஹால் போர்டிலிருந்த கருவியையும் பாத்ரூம் போர்டிலிருந்த கருவியையும் கழற்றினார். எதில் கோளாறு என்று இடம் மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது கணக்கு. மாற்றி மாட்டிவிட்டு, மாலையில் குளிக்கப் போயிருந்த மச்சினனைத் தவிர மற்றவர்களைக் கூப்பிட்டு சோபாவில் உட்காரவைத்து மேனேஜர் கதையைத் தொடங்கினார்.

விளக்கு அணையவில்லை. தலைவர் முகம் மலர்ந்தது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முகம் ஏனோ வாடியது. மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தட்டோ தட்டென்று தட்டினாள். "பெரியவங்க பேசும்போது என்ன போன்?" என்று ஒரு போடு போட்டுவிட்டுத் தொடர்ந்தார். அப்போதுதான் பாத்ரூமிலிருந்து சத்தம் வந்தது.

"அத்தான், கண்ணெல்லாம் சோப்பு. லைட்டு ஏன் எரிஞ்சு எரிஞ்சு அணையுது?"

மச்சினன் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரைத் தடவி வெளியே வந்து, வழியிலிருந்த செருப்பு ஸ்டாண்டில் இடித்துக்கொண்டு, வெள்ளைப் பெட்டியோடு சேர்ந்து விழுந்தான். அவன் எழுந்துவிட்டான். பெட்டி எழவில்லை. வீட்டில் ஒரு விளக்கும் போன் பேச்சைக் கேட்கவில்லை.

அதன்பின் நடந்ததுதான் தலைவரை நெகிழவைத்தது. இத்தனை நாளாக விளக்கைப் பற்றிக் கவலையே படாத மனைவி, தானே டெக்னீஷியனுக்குப் போன் செய்தாள். "தம்பி, நாளைக்குக் காலையிலேயே வந்துடுங்க. புதுப் பெட்டி கொண்டுவாங்க. எல்லாம் பழையபடி இருக்கணும்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். இந்த வீட்டில் என் மானத்தைப் பற்றிக் கவலைப்படவும் ஒரு ஜீவன் இருக்கிறது என்று தலைவர் கண் கலங்கினார்.

டெக்னீஷியன் வந்து கருவிகளை அதனதன் இடத்தில் மாட்டி, புதுப் பெட்டியை வைத்து, போன்களை இணைத்தான். எல்லாம் ஒழுங்காக இருப்பதாகச் சொன்னான். அது எந்தச் சமயத்தில் அணைகிறது என்று விளக்குவதற்காகத் தலைவர் அவனையும் உட்காரவைத்து முழுக் கதையையும் தொடங்கினார். மேனேஜர் அறைக் கதவைத் தள்ளித் திறந்த இடத்தில் விளக்கு போனது. "பார்த்தியா, பார்த்தியா" என்று தலைவர் போர்டுக்கு ஓடித் திரும்புவதற்குள் டெக்னீஷியன் கிளம்பிப் போயிருந்தான். அவசரத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் விட்டுவிட்டான்.

மிச்சமிருந்தது ஒரே காரணம்தான். மேல் வீட்டில் இருக்கும் சங்கச் செயலாளர். தீர்மானத்தை முதல் நாளிலிருந்தே எதிர்த்த ஆள். சதி என்று முடிவுகட்டி, தலைவர் மாடியேறிப் போய் வாசலில் நின்று பொரிந்து தள்ளினார். சிக்னலைக் கெடுப்பது யார் என்று தனக்குத் தெரியும் என்றார். செயலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"சாயங்காலம் மீட்டிங்கை உங்க வீட்லயே வச்சுக்கலாம். எல்லார் முன்னாலயும் எரிஞ்சா ஓட்டு. அணைஞ்சா?"

"அணைஞ்சா பதவியை விட்டுடறேன்" என்று தலைவர் வாய்விட்டுவிட்டார். படியிறங்கும்போதுதான் சொன்னது உறைத்தது. அந்த நாற்காலியும் போய்விட்டால் நாளை முதல் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு எங்கே போவது என்று நினைத்துப் பார்த்தார்.

மாலையில் ஹால் நிரம்பியது. மீட்டிங் என்றாலே தூங்கிவிடுகிற பல் டாக்டர்கூட வந்து சுவரோரமாக இடம்பிடித்தார். தலைவர் போனைத் தொட்டார், எரிந்தது. தொட்டார், அணைந்தது. மங்கலாக்கினார், பிரகாசமாக்கினார். கைதட்டினார்கள். "அவ்வளவுதான், முடிச்சிடுங்க" என்று மனைவி காதோரம் சொன்னாள். அங்கேயே முடித்திருக்கலாம். கைதட்டல் அவரை விடவில்லை.

"இதே மாதிரிதான் ஆபீஸ்ல ஒரு தடவை" என்று ஆரம்பித்தார். பல் டாக்டரின் தலை சரியத் தொடங்கியது. மனைவி பெருமூச்சுவிட்டாள். தலைவர் மேனேஜர் அறைக் கதவில் கை வைத்ததும் இருட்டு.

போர்டை நோக்கி ஓடினார். பின்னால், மனைவி பக்கமிருந்து என்னவோ கிசுகிசுப்பும், யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் கேட்டது. விளக்கு வந்தபோது எல்லாரும் மகளைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொரு போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். என் அவமானத்தைப் படம் பிடித்துப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று தலைவர் குமுறினார்.

"இதுக்குக் காரணம் என்னன்னா" என்றார். அணைந்தது. எரிந்தது. "நான் என்ன சொல்ல வரேன்னா" என்றார். அணைந்தது. இதுவரை மேனேஜர் அறைவரையாவது போகவிட்ட விளக்கு, இப்போது வாயைத் திறக்கவே விடவில்லை. இருட்டில் அங்கங்கே குஷியான சிரிப்பு வேறு.

கடைசியில் தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான் என்று நிரூபிக்க வேண்டாமா? "என் பதவியை நான்" என்று தழுதழுத்தார். அதற்கும் அணைந்தது.

விளக்கு எரிந்தபோது செயலாளர் எழுந்து, நேரத்தை வீணாக்காமல் ஓட்டுக்கு விடலாம் என்றார். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம். தலைவர் தரையைப் பார்த்தார். சத்தமே இல்லாததால் மெல்ல நிமிர்ந்தார். ஹாலில் இருந்த அத்தனை கைகளும் மேலே இருந்தன. முதலில் தூக்கியவர் செயலாளர். பல் டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். தலைவரே தலைவராக நீடிக்க வேண்டும், மீட்டிங் ஹாலில்தான் முதலில் மாட்ட வேண்டும் என்று செயலாளர் இரண்டு திருத்தங்கள் சொன்னார். அவையும் ஏகமனதாக நிறைவேறின.

தலைவருக்கு மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் வந்தது. தன் பெருந்தன்மையை யாரோ திருடிக்கொண்டதுபோல் இருந்தது.

"இவ்வளவு பெரிய கோளாறைக் கண்ணால பார்த்துட்டுமா கை தூக்கறீங்க?"

பல் டாக்டர் போனைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டே சொன்னார்: "கோளாறு எங்க தலைவரே இருக்கு, நீங்க ஆரம்பிச்சா அணைக்கறதுக்கு உங்க வீட்ல ஆளாளுக்குப் போன்ல ஒரு ஆப் வச்சிருக்காங்களே, அதைத்தான் அக்கா இப்ப உங்க பொண்ணுகிட்டச் சொல்லி எங்க எல்லாருக்கும் போட்டுக் குடுத்திருக்காங்க."