ஆயிரம் மீட்டருக்கு மேலே மரியாதை கிடையாது

ஓபர்கால்ட்டன், டிரோல்
ஏப்ரல் மூன்றாம் வாரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் எகோன் அவர்களுக்கு,

ஓட்டோகர் வணக்கத்துடன் எழுதுவது. இக்கடிதம் தங்களை வியன்னாவில் திடமான உடலோடும் காய்ந்த காலுறைகளோடும் காணும் என நம்புகிறேன். நானும் தங்கள் தமக்கை ஹெட்விக்கும் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை. ஹெட்விக் நலம்.

சென்ற ஆண்டு தங்கள் பிறந்தநாள் விருந்தில், மூன்றாவது கோப்பை ஒயினுக்குப் பிறகு, தாங்கள் எழுந்து நின்று எனக்கொரு யோசனை சொன்னது தங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ரிட்டயர் ஆனவங்க எதுக்கு ஒரு வாரத்துக்கு மட்டும் மலைக்குப் போகணும்? ஒரு வருஷத்துக்கு வீடு எடுங்க, நீங்களே சமைச்சுக்குங்க, குளிர்காலத்துல பனிச்சறுக்கு, கோடையில நடை, ஓட்டல்காரன் முகத்துலயே முழிக்க வேணாம்" என்றீர்கள். நானும் நம்பி, எந்த மாதம் எந்த மலை, எந்தக் கிழமை எந்த சூப் என்றெல்லாம் திட்டம் போட்டு, வியன்னா வீட்டை அந்த செல்லோ வாசிக்கும் மாணவிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, அக்டோபர் கடைசியில் இங்கே வந்து இறங்கினேன். நான்கு பருவமும் திறந்திருக்கும் ஊர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். போட்டவன் பொய் சொல்லவில்லை. ஆனால் கோடை முடிந்து பனி விழுவதற்குள் ஒரு பருவம், பனி உருகிப் புல் முளைப்பதற்குள் ஒரு பருவம் என்று இங்கே கணக்கில் வராத இரண்டு பருவங்கள் இருக்கின்றன என்றும், அப்போது ஊரே கதவைச் சாத்திவிட்டு வெயில் காயக் கடற்கரைக்கு ஓடிவிடும் என்றும் அவனும் சொல்லவில்லை, தாங்களும் சொல்லவில்லை. ரொட்டிக் கடைக் கதவில் "டிசம்பரில் பார்ப்போம்" என்று ஒரு பலகை. கறிக்கடையில் பலகைகூட இல்லை. திறந்திருந்தது பெட்ரோல் பங்க் ஒன்றுதான். ரொட்டி, பால், தபால்தலை, கொட்டகைப் பூட்டு எல்லாம் அங்கேதான். முதல் நாள் இரவு உணவாக நாங்கள் சாப்பிட்டது ஒரு டின் மீன், அதுவும் டீசல் வாசத்தோடு. மறுநாள் காலை அடுப்புப் பக்கம் போகச் சொன்னபோது தங்கள் தமக்கை என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்களே சமைச்சுக்கலாம்னுதானே எகோன் சொன்னான். நீங்களேன்னா நீங்கதான். நான் சமைக்க வேண்டியதெல்லாம் சமைச்சு முடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலருகே உட்கார்ந்து கம்பளி பின்ன ஆரம்பித்தாள்.

அன்று முதல் நான் சமைக்கிறேன். ரொட்டி உருண்டை பிடிக்கிறேன், அது வெந்நீரில் கரைந்து கஞ்சியாகிறது. கஞ்சி கிண்டுகிறேன், அது இறுகி உருண்டையாகிறது. அடுக்களையில் உருக்கிய சீஸில் ரொட்டி தோய்க்கும் நீள முள்கரண்டி ஒரு டஜன் இருக்கிறது, பாத்திரத்துக்கு மூடி ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். என் குறை சோற்றைப் பற்றியதே அல்ல.

என் குறை மரியாதையைப் பற்றியது. எடை அளவைத் துறையில் தலை நரைக்க உழைத்து, குடியரசுத் தலைவர் கையெழுத்தோடு 'அரசவை ஆலோசகர்' என்ற பட்டம் வாங்கியவன் நான். அரசவை ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது, எந்த அரசரும் என்னிடம் ஆலோசனை கேட்டதில்லை, எல்லாம் சரிதான். ஆனாலும் பட்டம் பட்டம்தானே? வியன்னாவில் என் காபிக்கடையில் பரிமாறுகிறவர் "ஆலோசகர் அவர்களுக்கு வழக்கம் போலத்தானே?" என்று குனிந்து கேட்பார். இங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். அடிவாரத்து ரயிலடியில் பேருந்து ஓட்டுநர் ஃபெர்டல், "வாங்க ஐயா, பாத்து ஏறுங்க, பெட்டிய நான் வெச்சிடறேன்" என்றான். தங்கமான மனிதன் என்று ஹெட்விக்கிடம் சொன்னேன். வண்டி வளைந்து வளைந்து மேலே ஏறியது, சிலுவை நட்ட ஒரு வளைவைத் தாண்டியது, ஓபர்கால்ட்டன் வந்தது. அதே ஃபெர்டல், அதே வாயால், "எறங்கு. வழுக்கும், கைப்பிடிய புடிச்சுக்கோ. உன் பெட்டிய மறந்துடாத" என்றான். எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று நினைத்தேன். "யாரைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். "உன்னத்தான். அந்த வளைவு தாண்டினா ஆயிரம் மீட்டர். அதுக்கு மேல எல்லாரும் நீதான். மந்திரி வந்தாலும் நீ, பாதிரியார் வந்தாலும் நீ" என்றான். நான் யார் என்பதை எடுத்துச் சொன்னேன். அவன் நிதானமாகக் கேட்டான்: "கடவுளையே நீன்னுதான கூப்பிடறோம். நீ அவரவிடப் பெரிய ஆளா?" முப்பது வருஷம் கோப்பு பார்த்த நான் என் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட நோட்புர்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "நீதான் ஓட்டோகரா? ஃபோட்டோல கொஞ்சம் உயரமா தெரிஞ்ச. செருப்ப வெளியவே விடு" என்றாள். மறுவாரம் என் உருண்டையை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "இத வெளிய வெக்காத, நரி மோந்து பாத்துட்டு நம்ம வீட்டப் பத்தித் தப்பா நினைக்கும்" என்றாள். நான் அவளை இன்றுவரை 'நீங்கள்' என்றே அழைக்கிறேன், என் வளர்ப்பு அப்படி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, டிசம்பரில் ஊர்த் தலைவருக்கு ஒரு மனு எழுதினேன். வெளியூரிலிருந்து வந்து ஒரு வருஷம் தங்கும் மூத்த குடிமக்களை உரிய பட்டத்தோடு அழைக்க ஊராருக்கு அறிவுறுத்த வேண்டும், அவ்வளவுதான். பதில் வரவில்லை. ஜனவரியில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் பணம் கட்டிவிட்டு மைதானத்துக்குப் போனால், சிவப்புச் சட்டையோடு நிற்கிற பயிற்சியாளர் சாட்சாத் ஊர்த் தலைவரேதான். இங்கே ஒரே ஆள்தான் எல்லா வேலையும் பார்க்கிறான். "உன் மனுவப் படிச்சேன். நல்லா எழுதியிருந்த. முட்டிய மடக்கு" என்றார். நான் வாய் திறப்பதற்குள் சரிவில் கிளம்பிவிட்டேன். விழுந்து, வேலியில் மாட்டி, தலைகீழாகக் கிடந்த என்னிடம் அவர் சறுக்கி வந்து குனிந்து, "பட்டத்தோட கூப்பிடச் சொன்னயில்ல? எந்திரி, ஆலோசகா" என்றார்.

அவ்வளவுதான், மைத்துனரே. அன்றிலிருந்து இந்த ஊரில் என் பெயர் ஆலோசகா. "ஆலோசகா, கதவைச் சாத்து, குளிரு வருது." "ஆலோசகா, உன் குப்பையில கண்ணாடி பாட்டில் கெடக்கு, வந்து பொறுக்கு." "ஏ ஆலோசகா, உன் வாசப் பனிய நீதான் தள்ளணும், எங்க மாமனா வந்து தள்ளுவான்?" கேட்ட பட்டத்தைக் கேட்டபடி கொடுத்து, அதையே வைத்து அடிக்கிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தங்கள் தமக்கையோ இதிலெல்லாம் குளிர் காய்கிறாள். வியன்னாவில் 'ஆலோசகர் அம்மா' என்று எல்லோரும் எழுந்து நின்ற பெண்மணி, இங்கே வெறும் 'ஹெட்டி'. உறைந்த குளத்தில் கைப்பிடி வைத்த கட்டையை வழுக்கிவிட்டு ஆடும் ஆட்டத்தில் பெண்கள் அணிக்கு அவள்தான் முதல் ஆட்டக்காரி. நோட்புர்காவைச் சுருக்கமாகப் 'புர்கா' என்று கூப்பிட்டு, அவளோடு உட்கார்ந்து பேரிக்காய்ச் சாராயம் குடிக்கிறாள். இருவரும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் தாண்டிப் போனதும் சிரிக்கிறார்கள்.

இதையும்கூட அக்டோபர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். இந்த வாரம் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பனி உருகி, ஊர் முழுக்க முழங்கால் சேறு. ரொட்டிக் கடையில் மறுபடி பலகை தொங்குகிறது, மறுபடி டின் மீன். நோட்புர்கா வந்து, "அடுத்த வருஷத்துக்கும் வீடு உங்களுக்கே விடட்டுமா ஹெட்டி?" என்று கேட்டாள். நான் அங்கேதான் நிற்கிறேன், கையில் கரண்டியோடு. என்னை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் ஹெட்விக், "விடு புர்கா, இருக்கோம்" என்றுவிட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. "மாதக் கடைசியில் நான் வியன்னா போகிறேன்" என்றேன். அவள் ஊசியைக் கீழே வைக்காமலே, "நீங்க போங்க. நான் வரல" என்றாள்.

நான் வரல. முப்பத்தெட்டு வருஷத்தில் நாங்கள் ஒரு நாள்கூடத் தனித்தனி ஊரில் இருந்ததில்லை, எகோன். சமைக்க ஆளில்லையே என்ற கவலை எனக்கு இல்லை, இப்போது நானே சமைப்பேன், மோசமாகச் சமைப்பேன். காலையில் எழுந்து தூக்கக் கலக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிடுவேனே, அந்த இரண்டாவது கோப்பையை என்ன செய்வது? ஆனால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது? ஒரு அரசவை ஆலோசகர் கரண்டியோடு நின்று சொன்ன சொல்.

ஆகவே தாங்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். முதலில், செல்லோ மாணவியிடம் இந்த வாரமே வேறு வீடு பார்க்கச் சொல்லவும். இரண்டாவதாக, தாங்களே நேரில் வந்து தங்கள் தமக்கைக்குப் புத்தி சொல்லி அழைத்துப் போகவும். இந்த வினையை விதைத்தவர் தாங்கள், அறுக்க வேண்டியவரும் தாங்களே. கடைசி வரைக்கும் இந்த ஊர் மண்ணில் என் செருப்புத் தடம் இனி விழாது.

தங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் ஆண்டவன் நல்ல உடம்பையும், தட்டையான நிலத்தையும் தொடர்ந்து அருளட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
அரசவை ஆலோசகர் ஓட்டோகர் வெஸ்ஸெலி (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே உள்ள கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பியவன், முறை தவறக் கூடாது என்று, முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த நோட்புர்காவிடம் மாதக் கடைசியில் புறப்படுவதைச் சொன்னேன். அவள் கையிலிருந்த கட்டையை வைத்துவிட்டு, "சரிங்க ஆலோசகர் ஐயா. சாவிய மேசை மேல வெச்சிட்டுப் போங்க" என்றாள். வாயிற்படி வரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெட்ரோல் பங்குக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. "வாங்க ஐயா, தபால்தலைங்களா?" என்றான் அங்கிருந்தவன். எதிரே டிராக்டரில் வந்த ஊர்த் தலைவர் தொப்பியைக் கழற்றி, "நல்லபடியா போய்ச் சேருங்க ஐயா" என்றார். ஆறு மாதமாக நான் கேட்ட மரியாதை முழுவதும் அரை மணி நேரத்தில் வந்து குவிந்தது. செத்தவனுக்கு வழிவிடுகிற மாதிரி இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஃபெர்டல்கூட "ஏறறீங்களா ஐயா?" என்றான். "இது ஆயிரம் மீட்டருக்கு மேல்தானே?" என்று கேட்டேன். "ஆமாங்க. ஊர விட்டுப் போறவங்கள நாங்க இப்படித்தாங்க கூப்பிடுவோம்" என்றான்.

தபாலைப் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். நோட்புர்காவின் அடுக்களைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஹெட்விக் கண் சிவந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் எங்கும் காணவில்லை. வாசலில் நின்று, "புர்கா, நான் போகல. அடுத்த வருஷத்துக்கும் வீட்ட நீ எங்களுக்கே விடு" என்றேன். நோட்புர்கா என்னை மேலும் கீழும் பார்த்து, "கால தொடச்சிட்டு உள்ள வா, ஆலோசகா" என்றாள். ஹெட்விக் தலை நிமிரவில்லை. காலால் பெஞ்சை என் பக்கம் நகர்த்தி, ஒரு கத்தியை நீட்டி, "உட்காரு. கிழங்கு நெறையக் கெடக்கு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை நீங்கள் என்று மட்டுமே சொல்லியிருக்கிறாள்.

உட்கார்ந்தேன். இத்தனை பக்கத்தையும் மறுபடி எழுதப் பொறுமை இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன், அந்தப் பெண் செல்லோ வாசித்துக்கொண்டு அங்கேயே இருக்கட்டும். ஜூலையில் நீயும் வா, எகோன்.