இழுவை சார் இழுத்த தொட்டி

பெங்களூரில் இழுத்துப் பார்க்காமல் எதையுமே நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவரை என் தலையில் கட்டினார்கள். பொம்மசந்திராவில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பிளாஸ்டிக் கம்பெனியில் அவர்தான் தரப் பரிசோதகர். இழுவை சார். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவர் இழுத்தவை: என் நாற்காலியின் கை, கேன்டீன் கப்பின் காது, புது மேனேஜரின் டை. "முடிச்சு ஸ்ட்ராங் சார், டை பாஸ்" என்று மேனேஜருக்கு நற்சான்றிதழ் வேறு.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டிக்கு ஆர்டர் வந்தது. பாலிப்ரொப்பிலீன் தொட்டி, அதில் அதே பிளாஸ்டிக்கில் ஒரு கைப்பிடி பொருத்த வேண்டும். எந்தப் பசையையும் சேர்த்துக்கொள்ளாத பிளாஸ்டிக் அது. முதலில் பிரைமர் பூசினால்தான் பசைக்கு இடம் கொடுக்கும். முதலாளி ஸ்க்ரூ போடச் சொன்னார். ஓட்டை போட்டால் ஒழுகும் என்றேன்.

"வாங்கறவங்க வந்து பார்த்து ஓகே சொன்னா பசை. இல்லேன்னா ஸ்க்ரூ. அப்புறம் பசைக்குன்னு ஒரு இன்ஜினியர் எனக்கு எதுக்கும்மா?" என்றார்.

முறை எளிது. துடை, பிரைமர் பூசு, காய விடு, ஒட்டு, மறுநாள் வரை தொடாதே. கடைசி விதி இழுவை சாருக்குப் பொருந்தாதாம். ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போய் வந்தேன். கைப்பிடி அவர் கையில் இருந்தது.

"இன்னாம்மா, கையோட வந்துடுச்சு?"

"இப்பத்தானே சார் ஒட்டினேன்! நாளைக்குத்தான் இழுக்கணும்."

"நாளைக்கு இழுத்தா, இன்னிக்கு ஒட்டுச்சான்னு எப்டிம்மா தெரியும்?"

இதற்கு எந்தக் கல்லூரியில் பதில் சொல்லித் தருகிறார்கள்?

அடுத்த தொட்டியின் மேல் 'தொடாதீர்கள்' என்று தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி ஒட்டினேன். மூன்றையும் பொறுமையாகப் படித்தார். பிறகு அந்தக் காகிதத்தை இழுத்தார். "இதுகூட ஒட்டலம்மா" என்றார். தொட்டியையும் விட்டுவைக்கவில்லை.

மூன்றாவதை பீரோவில் வைத்துப் பூட்டினேன். காலையில் பீரோவின் கைப்பிடி என் மேஜை மேல் கிடந்தது. "பூட்டு பாஸ். பிடி ரிஜெக்ட்." நான் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கதவைத் திறப்பதற்கும், வாங்கும் கம்பெனியின் அதிகாரி உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது.

அந்த அதிகாரியாவது ஒழுங்காகப் பார்த்தாரா? நகத்தால் ஒரு தட்டு தட்டினார். "கம் எல்லா பேடா. ஸ்க்ரூ ஹாக்கி" என்றார். பசை வேண்டாம், ஸ்க்ரூவே போடுங்கள். என் வேலை ஒரு தட்டில் முடிந்தது.

எனக்கு முன்பாக இழுவை சாருக்குக் கோபம் வந்துவிட்டது. கன்னடம் மறந்து தமிழிலேயே கத்தினார்.

"இன்னா சார், இழுக்காமலே ஃபெயிலா? நான் இழுத்து வந்தாத்தான் இங்க ஃபெயில்!"

தொட்டியிருந்த மேஜை மேல் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்தார். படாரென்று ஒரு சத்தம். மனிதர் மல்லாந்து விழுந்தார். கைப்பிடி அவர் கையில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் பார்த்தேன், கைப்பிடியோடு தொட்டியின் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டும் கிழிந்து வந்திருந்தது. தொட்டிதான் பிய்ந்தது, ஒட்டு பிரியவில்லை.

அதிகாரி அதை வாங்கி முறுக்கினார், நெம்பினார், சாவியை விட்டுக் குடைந்தார். முடியவில்லை. பசைக்கே ஓகே என்று கையெழுத்துப் போட்டார். இழுவை சார் தரையில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு சொன்னார்: "ஒட்டு பாஸ். தொட்டி ரிஜெக்ட்."

சில வருடங்கள் கழித்து வேறு கம்பெனிக்குப் போனேன். அங்கே விரல் நுனியால் தொட்டுவிட்டு ஓகே சொல்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

பழைய கம்பெனியில் கடைசி நாள், கேட் பக்கம் இழுவை சார் நின்றிருந்தார். தோளிலிருந்த புதுப் பையைக் கழற்றி நானே அவரிடம் நீட்டினேன். வாரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

"தாங்கும்மா. போய்ட்டு வா."

அந்தப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது. வார் மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது.